செங்கல் பங்கு மக்களுடையது, உழைப்பு சிஸ்டர்களுடையது: அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிக் கட்டடங்களின் கதை

சிகாகோ, பிலடெல்பியா, பாஸ்டன் மாதிரியான பழைய அமெரிக்க நகரங்களில், ஒரே தெருமுனையில் நான்கு கட்டடங்கள் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கோபுரத்தோடு ஒரு கத்தோலிக்கக் கோவில்; அந்தக் கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்துக்குப் 'பங்கு' என்று பெயர். பக்கத்தில் பங்குச்சாமியார் வீடு. கொஞ்சம் தள்ளி, எப்போதும் அமைதியாக இருக்கும் கன்னியர் மடம். நான்காவது, இரண்டு அல்லது மூன்று மாடி உயரத்தில் செங்கல் பள்ளிக்கூடம். பல பள்ளிகளில் ஒரு வாசலுக்கு மேலே 'ஆண்பிள்ளைகள்' என்றும் மறுகோடி வாசலுக்கு மேலே 'பெண்பிள்ளைகள்' என்றும் கல்லில் ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். தரையோரம் மூலைக்கல்லில் ஒரு வருடம் பொறித்திருக்கும்.

இந்த நான்கில் முதலில் பூட்டப்படுவது பெரும்பாலும் மடம். அப்புறம் பள்ளி. இன்று இந்தப் பள்ளிக் கட்டடங்கள் பல, அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ வேறொரு பள்ளிக்கு வாடகைக்கு விட்ட இடமாகவோ மாறிவிட்டன. சில வெறுமனே பூட்டிக் கிடக்கின்றன. ஏன் என்று கேட்டால், கத்தோலிக்கர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பதில் வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கட்டடத்தை எழுப்பியது பங்கு மக்கள் வாரா வாரம் தட்டில் போட்ட சில்லறை. அதன் உள்ளே பள்ளியை நடத்தியது, கிட்டத்தட்ட சம்பளமே இல்லாமல் வேலை பார்த்த பெண் துறவிகளின் உழைப்பு. முதல் கணக்கு மூலைக்கல்லிலும் வெள்ளிவிழா மலரிலும் இருக்கிறது. இரண்டாவது கணக்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதை எடுத்துப் பார்க்காமல் இந்தக் கட்டடங்களின் வரலாறு புரியாது என்பது என் எண்ணம்.

பைபிள் சண்டையில் பிறந்த பள்ளி

1830களிலும் 40களிலும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கின. அங்கே பொதுப்பள்ளிகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. சட்டப்படி அவை எந்தச் சபையையும் சேராதவை. நடைமுறையில் வகுப்பு தொடங்கும்போது வாசித்தது புராட்டஸ்டன்ட்களின் கிங் ஜேம்ஸ் பைபிள்; சொன்ன செபமும் பாடிய பாட்டும் புராட்டஸ்டன்ட் வழக்கம். கத்தோலிக்கர்களின் ஆங்கில பைபிள் டூவே மொழிபெயர்ப்பு. பத்துக் கட்டளைகளை எண்ணும் வரிசைகூட இரு தரப்புக்கும் வேறு. பாடப்புத்தகங்கள் சிலவற்றில் போப்பாண்டவரைப் பற்றி வசைகளும் இருந்தன.

நியூயார்க் நகரில் அப்போது பள்ளிகளை நடத்தியது பொதுப்பள்ளிச் சங்கம் என்ற தனியார் அறக்கட்டளை. அரசுப் பணம் அதன் வழியாகத்தான் போனது. எங்கள் பள்ளிகளுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வேண்டும் என்று 1840இல் ஆயர் (பிஷப்) ஜான் ஹியூஸ் நகர மன்றத்தின் முன்னால் நின்று வாதாடினார். கோரிக்கை தோற்றது. 1842இல் வந்த மாநிலச் சட்டம் நகரப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. கூடவே, சமயக் கோட்பாட்டைக் கற்பிக்கும் பள்ளிக்கு அரசுப் பணம் கிடையாது என்றும் சொன்னது. அதற்குப் பிறகு ஹியூஸ் அரசின் பக்கம் பார்ப்பதை விட்டார். கோவில் பிறகு வரட்டும், முதலில் பள்ளியைக் கட்டு என்பது அவருடைய நிலைப்பாடாக ஆனது.

பிலடெல்பியாவில் இதே விவகாரம் ரத்தக்களரியில் முடிந்தது. பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் கேட்டார். பைபிளையே பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்கிறார் என்று வதந்தி கிளம்பியது. 1844 மே மாதக் கலவரத்தில் புனித மிக்கேல் கோவிலும் புனித அகுஸ்தினார் கோவிலும் எரிக்கப்பட்டன. ஜூலையில் மறுபடி கலவரம். பல உயிர்கள் போயின.

ஆனால் ஒரு பங்குப் பள்ளி எப்படிப் பிறந்தது என்று காட்ட எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பாஸ்டன் சம்பவம். 1859 மார்ச் மாதம். எலியட் பள்ளி என்ற பொதுப்பள்ளியில் தாமஸ் வால் என்ற சிறுவன், புராட்டஸ்டன்ட் வடிவத்தில் பத்துக் கட்டளைகளைச் சொல்ல மறுத்தான். பிரம்பால் அவன் கைகளில் அரைமணி நேரம் அடித்தார்கள். அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பையன்கள் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு நடந்தது, அடித்தவர் விடுதலையானார். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அதே வருடம் புனித மரியா பங்கில் ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். நிதானமாகத் திட்டம் போட்டுத் தொடங்கியது இல்லை அது. தெருவில் நிற்கும் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்ற அவசரத்தில் பிறந்தது. அமெரிக்கப் பங்குப் பள்ளிகளின் முதல் தலைமுறை பெரும்பாலும் இப்படித்தான், கோவிலின் நிலவறையிலும் வாடகை அறைகளிலும் ஆரம்பித்தது.

ஆணையாக ஆன ஆசை

1884 நவம்பரில் பால்டிமோரில் அமெரிக்க ஆயர்களின் மூன்றாவது பொதுச்சங்கம் கூடியது. பேராயர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் தலைமை. அது எடுத்த முடிவுதான் நாம் இன்று பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதிக்கு மூலம். ஒவ்வொரு கோவிலுக்குப் பக்கத்திலும், ஏற்கெனவே இல்லையென்றால், 2 ஆண்டுகளுக்குள் பங்குப் பள்ளி எழ வேண்டும். கடுமையான கஷ்டம் இருந்தால் ஆயர் அவகாசம் தரலாம். அசட்டையாக இருக்கும் பங்குச்சாமியாரை அந்தப் பங்கிலிருந்து மாற்றவும் செய்யலாம். பெற்றோர் பிள்ளைகளைப் பங்குப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பால்டிமோர் ஞானோபதேசம் என்ற சமயப் பாடப்புத்தகமும் இந்தச் சங்கத்தின் பிள்ளைதான், 1885இல் வெளிவந்தது.

எல்லாப் பங்குகளும் இதை நிறைவேற்றவில்லை. 2 ஆண்டுகளில் கட்டி முடிக்க எல்லாரிடமும் பணம் இல்லை. இருந்தாலும் அந்த ஆணை பங்குச்சாமியார்களின் மனதை மாற்றியது. பள்ளி இல்லாத பங்கு அரைகுறைப் பங்கு என்ற எண்ணம் வேரூன்றியது.

இன்னொரு விசையும் சேர்ந்தது. மொழி. ஜெர்மானியர், போலந்துக்காரர், செக், லித்துவேனியர் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் மொழியில் பூசைப் பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும் என்று தனித் தனிப் பங்கு கேட்டது. அதனால்தான் ஒரே தெருவில் இரண்டு மூன்று கத்தோலிக்கக் கோவில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி. சிகாகோவில் போலந்துக்காரர்களின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கு 1867இல் தொடங்கியது. அதன் பள்ளியில் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படித்தார்கள். இந்தப் பள்ளிகளில் பாதிநாள் தாய்மொழி, பாதிநாள் ஆங்கிலம். 1889இல் விஸ்கான்சினும் இல்லினாயும் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டபோது கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். இரண்டு சட்டங்களும் சில ஆண்டுகளிலேயே ரத்தாயின. தாத்தா பாட்டியிடம் பேசும் மொழியைப் பிள்ளை மறந்துவிடக் கூடாது என்ற தவிப்பும் அந்தச் செங்கல் சுவர்களுக்குள் இருக்கிறது. பங்குப் பள்ளியைப் பக்தியால் மட்டும் விளக்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே கூரையின் கீழ்

இனி கட்டடத்துக்கு வருவோம். புதிதாகப் பிரிந்த பங்கில் இருப்பது ஒரு மனை, கொஞ்சம் கடன், நிறையப் பிள்ளைகள். கோவிலும் வேண்டும், பள்ளியும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கட்டக் காசில்லை. அதனால் பங்குகள் கண்டுபிடித்த வழி, இரண்டையும் ஒரே கட்டடத்தில் அடுக்குவது. கீழ்த்தளத்தில் கோவில், மேல்தளத்தில் வகுப்பறைகள். சில இடங்களில் தலைகீழ். நிலவறையில் பங்கு மண்டபம். அங்கேதான் நாடகம், விற்பனைத் திருவிழா, விருந்து எல்லாம். மடம் கட்டும்வரை சிஸ்டர்கள் மேல்மாடியின் ஒரு மூலையிலோ கூரைக்குக் கீழேயோ தங்கினார்கள். ஒரு அஸ்திவாரம், ஒரு கூரை, ஒரு பாய்லர், ஒரே வங்கிக் கடன்.

பத்து இருபது ஆண்டுகள் கழித்துப் பங்கு வளர்ந்ததும் பக்கத்தில் பெரிய கோவில் எழும். பழைய கட்டடத்திலிருந்து பீடத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கோவில் இருந்த தளத்தைத் தடுப்புச்சுவர் வைத்து வகுப்பறைகளாகப் பிரிப்பார்கள். பிள்ளைகள் பெருகினால் பக்கவாட்டில் ஒரு பகுதி சேர்ப்பார்கள். பிறகு இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு துண்டு. ஆக, ஒரே கட்டடம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் மூன்று காலங்களில் மூன்று கடன்களில் கட்டியது. இந்தத் தையல் கவனித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். செங்கல்லின் நிறம் ஓரிடத்தில் மாறும். தாழ்வாகப் போட்ட வகுப்பறைக் கூரைக்கு மேலே பழைய கோவிலின் வளைவு ஒளிந்திருக்கும். கீழ்த்தளத்தில் மட்டும் சன்னல்கள் காரணமில்லாமல் உயரமாக, வளைவோடு இருக்கும்.

இதைச் சுவரில் மட்டும் தேட வேண்டியதில்லை. சான்பார்ன் நிறுவனம் 1867 முதல் அமெரிக்க நகரங்களுக்குத் தீக்காப்பீட்டு வரைபடங்களைத் தயாரித்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக்கட்டடத்துக்கு மஞ்சள், கல் கட்டடத்துக்கு நீலம். எத்தனை மாடி, எந்தத் தளத்தில் என்ன, சூடேற்றுவது எதனால், விளக்கு எதனால் என்றெல்லாம் பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். தீப்பிடித்தால் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட வரைந்த படம், ஒரு பங்கின் வளர்ச்சியை வருடவாரியாகக் காட்டும் ஆவணமாகிவிட்டது. ஒரே மனையின் படத்தை இரண்டு மூன்று பதிப்புகளில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மஞ்சள் கொட்டகை இளஞ்சிவப்புப் பள்ளியாக வளர்வது தெரியும். தங்கள் பங்கின் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு, விழா மலரைவிட இது நம்பகமான சாட்சி.

வகுப்பறையின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. மின்விளக்கு நம்பகமாக வராத காலம் என்பதால் உயரமான கூரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சன்னல். வலக்கையால் எழுதும் பிள்ளையின் எழுத்தின்மேல் அவள் கை நிழல் விழாதபடி, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருமாறு பெஞ்சுகளைப் போடுவார்கள். நடைகூடத்துக்குக் காற்று ஓட வகுப்பறைக் கதவுகளுக்கு மேலே கண்ணாடி வென்டிலேட்டர். நிலவறை பாதி தரைக்கு மேலே தூக்கலாக இருக்கும், மண்டபத்துக்கு வெளிச்சம் வேண்டுமே. இவை எல்லாமே பிள்ளைகளின் நலனுக்காகச் செய்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1958ஐப் பேசும்போது மறுபடி வரும்.

அரசு வாடகைக்கு எடுத்த பள்ளி

அரசோடு ஒத்துப்போக யாரும் முயலவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் பக்கீப்சி நகரில் 1873இல் ஓர் ஏற்பாடு நடந்தது. பங்கு தன் பள்ளிக் கட்டடங்களை ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்கு நகரக் கல்வி வாரியத்திடம் விட்டது. பள்ளி நேரத்தில் அது பொதுப்பள்ளி; ஆசிரியர் சம்பளம் வாரியத்துடையது, செபமும் ஞானோபதேசமும் அந்த நேரத்துக்கு வெளியே. சிஸ்டர்களே ஆசிரியைகளாகத் தொடர்ந்தார்கள். ஒரே கட்டடம் மணி அடித்ததும் பொதுப்பள்ளி, மறுமணி அடித்ததும் பங்குப் பள்ளி. இது 1898வரை ஓடியது. 1891இல் மினசோட்டாவில் பேராயர் ஜான் அயர்லாந்து ஃபாரிபோ, ஸ்டில்வாட்டர் ஊர்களில் இதையே முயன்றார். கத்தோலிக்கர்களுக்குள்ளேயே பெரிய சண்டை மூண்டு, விவகாரம் ரோமாபுரிவரை போனது. எனக்கு இது தவறவிட்ட வாய்ப்பாகவே படுகிறது.

ஏனென்றால் எதிர்த்திசையில் கதவுகள் சாத்திக்கொண்டிருந்தன. சமயப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்த 1875இல் ஜேம்ஸ் பிளெய்ன் முன்மொழிந்தார். செனட்டில் அது தோற்றது. ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே மாதிரியான விதியைத் தங்கள் சட்டங்களில் எழுதிக்கொண்டன.

1922இல் ஒரேகன் மாநிலம் இன்னும் மேலே போனது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பொதுப்பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று மக்கள் வாக்கெடுப்பில் சட்டம் நிறைவேறியது. வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் அதன் முக்கிய ஆதரவாளர்களில் ஒன்று. அமலாகியிருந்தால் அம்மாநிலப் பங்குப் பள்ளிகள் அத்தனையும் மூடியிருக்கும். வழக்குப் போட்டது இயேசு மரியாளின் திருப்பெயர்களின் சகோதரிகள் சபை. ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியும் சேர்ந்துகொண்டது. 1925 ஜூன் 1 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிள்ளை அரசின் வெறும் படைப்பு இல்லை என்ற அந்தத் தீர்ப்பின் வாசகம், பெற்றோர் உரிமை பற்றிய வழக்குகளில் இன்றும் மேற்கோளாக வருகிறது. அமெரிக்காவில் எந்தத் தனியார் பள்ளியும் இருக்கலாம் என்பதற்கு அடித்தளம், சில சிஸ்டர்கள் போட்ட வழக்கு.

மூலைக்கல்லில் இல்லாத கணக்கு

சரி, இவ்வளவு பள்ளிகளை அரசுப் பணம் இல்லாமல் எப்படி நடத்தினார்கள்? கல்விக் கட்டணம் வெகு குறைவு, பல பங்குகளில் கட்டணமே இல்லை. ஞாயிறு காணிக்கை, விற்பனைத் திருவிழா, பிற்காலத்தில் பிங்கோ விளையாட்டு. இவை கடனையும் நிலக்கரிச் செலவையும் தீர்க்கும். ஆசிரியர் சம்பளத்துக்குப் போதாது. அந்த இடத்தை அடைத்தவர்கள் சிஸ்டர்கள்.

ஒவ்வொரு மொழிக் கூட்டத்துக்குப் பின்னாலும் ஒரு சபை கடல் கடந்து வந்தது, அல்லது அங்கேயே உருவானது. எலிசபெத் ஆன் சீட்டன் 1810இல் மேரிலாந்தின் எமிட்ஸ்பர்க்கில் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிரான்சிலிருந்து புனித சூசையப்பர் சகோதரிகள் 1836இலும், பவேரியாவிலிருந்து நோத்ர் டாம் பள்ளிச் சகோதரிகள் 1847இலும், போலந்துக்காரர்களுக்காக பெலிசியன் சகோதரிகள் 1874இலும் வந்தார்கள். பால்டிமோரில் மதர் மேரி லாங்கே 1828இலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அடுத்த ஆண்டு ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கான முதல் நிலையான துறவற சபையை அங்கே நிறுவினார். அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த மாநிலம் அது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் மற்ற எல்லாத் தொடக்கங்களும் எனக்குச் சுலபமானவையாகத் தெரிகின்றன.

சிஸ்டருக்குப் பங்கு தருவது தங்குவதற்கு ஒரு மடமும் ஒரு சிறு உதவித்தொகையும். அந்தத் தொகையும் அவர் கைக்கு வராது. சபையின் தாய்மடத்துக்குப் போகும். வயதான சிஸ்டர்களின் சாப்பாடும் இளம் பெண்களின் பயிற்சியும் அதிலிருந்துதான். துண்டு விழும்போது மாலையில் பியானோ பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார்கள். வகுப்பில் 50, 60 பிள்ளைகள் சர்வ சாதாரணம். வகுப்பு முடிந்தால் பீடத் துணிகளைத் துவைத்து, திருவிழாவுக்குக் கோவிலை ஜோடிக்கும் வேலை. பயிற்சி முடியும் முன்பே இளம் சிஸ்டரை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டத்தை அவர் கோடை விடுமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடிக்க இருபது ஆண்டுகூட ஆகும். முதலில் படிப்பு, பிறகு வகுப்பு என்று 1954இல் சிஸ்டர்களே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஆசிரியை இல்லாமல் வகுப்பு காலியாக இருக்கிறதே என்று பங்குகளிலிருந்து முணுமுணுப்பு வந்தது. நியாயமான கோரிக்கை அது. இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியது.

1960களின் நடுவில் இந்த அமைப்பு அதன் உச்சத்தில் இருந்தது. ஏறக்குறைய 13,000 கத்தோலிக்கப் பள்ளிகள், 52 லட்சம் பிள்ளைகள். சிஸ்டர்கள் ஏறக்குறைய 1,80,000 பேர். அமெரிக்கத் தனியார் கல்வி வரலாற்றில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

1958 டிசம்பர் 1

உச்சத்துக்குச் சற்று முன்னால் நடந்தது அந்தத் தீ. சிகாகோவின் மேற்குப் பகுதியில் சம்மனசுகளின் ராக்கினி மாதா பங்குப் பள்ளி, ஏறக்குறைய 1,600 பிள்ளைகள். வடக்குப் பகுதி 1910இல் கட்டியது. நாம் மேலே பார்த்த அதே வகை, கீழே கோவில், மேலே பள்ளி. புதிய கோவில் வந்ததும் முழுவதும் வகுப்பறைகளானது. 1951இல் நடுவில் ஒரு துண்டு கட்டித் தெற்குப் பகுதியோடு இணைத்தார்கள். வெளியே செங்கல். உள்ளே மரப்படி, மரத்தரை, மரச்சட்டம். தரைக்கு வருடக்கணக்காக மெழுகு பூசியிருந்தார்கள்.

மதியம் 2 மணிக்கு மேல், பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது, வடகிழக்கு மாடிப்படியின் அடியில் நிலவறையில் இருந்த அட்டைக் குப்பைப் பீப்பாயில் தீப்பிடித்தது. மரப்படியே புகைபோக்கி மாதிரி ஆகிவிட்டது. கீழ்மாடியில் மாடிப்படிக்கும் நடைகூடத்துக்கும் நடுவில் கனமான கதவு இருந்தது; அங்கே தீ நுழையவில்லை. மேல்மாடியில் கதவே இல்லை. சூடும் புகையும் நடைகூடத்தை அடைத்தன. காற்றுக்காக வைத்த வென்டிலேட்டர் கண்ணாடிகள் வெடித்து, புகை வகுப்பறைகளுக்குள் இறங்கியது. 300க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மிஞ்சியது சன்னல் மட்டும். சன்னல் திண்டு தரையிலிருந்து 3 அடிக்கு மேல். சிறு பிள்ளைகளால் ஏறவே முடியவில்லை. நிலவறை பாதி மேலே தூக்கியிருந்ததால் அங்கிருந்து கீழே தரை ஏறக்குறைய 25 அடி. பள்ளியின் அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்ததில்லை. முதல் அழைப்பில் சொன்ன முகவரி சாமியார் வீட்டுடையது. வண்டிகள் அங்கே போய்ப் பிறகு ஏணியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

92 பிள்ளைகளும் 3 சிஸ்டர்களும் இறந்தார்கள். அந்த மூவரும் தங்கள் வகுப்புப் பிள்ளைகளோடே இருந்தார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, சட்டப்படி அந்தக் கட்டடத்தில் குற்றம் இல்லை என்பது. சில வாரங்களுக்கு முன்புதான் அது தீயணைப்புத் துறையின் சோதனையில் தேறியிருந்தது. 1949இல் சிகாகோ கொண்டுவந்த புதிய விதிகள் புதிய பள்ளிகளுக்கு மட்டுமே. பழையவை பழைய விதிப்படியே இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். கட்டடம் காலப்போக்கில் ஒட்டுப்போட்டு வளர்ந்தது, விதி அதைப் பின்தொடரவில்லை. நகரின் பொதுப்பள்ளிகளிலும் இதே வகைக் கட்டடங்கள் இருந்தன, ஆகவே இது ஒரு பங்கின் அலட்சியம் என்று சுருக்கிவிட முடியாது. நாடு முழுக்கப் பழைய பள்ளிகளை அவசரமாகச் சோதித்தார்கள். 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை, இடிக்கவிருந்த ஒரு பள்ளியில் திரும்பத் திரும்பத் தீ மூட்டி, புகை எப்படிப் பரவுகிறது என்று அளந்து பார்த்தது. மூடிய மாடிப்படி, தானாக நீர் தெளிக்கும் குழாய், தீயணைப்பு நிலையத்தோடு நேரடியாக இணைந்த அலாரம் ஆகியவை பழைய கட்டடங்களுக்கும் கட்டாயமாகத் தொடங்கின. இன்று அமெரிக்காவில் மாடி உள்ள பள்ளிக்குள் நுழைந்தால் பெரும்பாலும் படிக்கட்டுக்கு முன்னால் தானாகச் சாத்திக்கொள்ளும் கனமான கதவு ஒன்று இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் இந்த 95 பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பங்கின் புதிய பள்ளி 1960இல் திறந்தது. 1999இல் மூடியது.

காலியான வகுப்பறைகள்

1965க்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கடன் கிடைத்த கத்தோலிக்கர்கள் புறநகருக்கு நகர்ந்தார்கள். திருச்சபையில் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பல சிஸ்டர்கள் துறவறத்தைவிட்டு வெளியேறினார்கள். புதிதாகச் சேருபவர்கள் குறைந்தார்கள். இருந்தவர்களிலும் பலர் வேறு பணிகளுக்குப் போனார்கள். அவர்கள் இடத்தில் துறவிகள் அல்லாத பொதுநிலை ஆசிரியர்களை வைத்தால், குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவரை மறைந்திருந்த செலவு முதல்முறையாகப் பங்கின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது. கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதும் பிள்ளைகள் குறைந்தார்கள்.

மாநிலங்கள் உதவப் பார்த்தன. பிள்ளைகளின் பஸ் செலவைத் தரலாம் என்று உச்சநீதிமன்றம் 1947இலேயே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சொல்லியிருந்தது. அந்தத் தைரியத்தில் பென்சில்வேனியாவும் ரோட் ஐலண்டும் தனியார் பள்ளிகளில் பொதுப்பாடம் நடத்தும் ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தரச் சட்டம் போட்டன. சிஸ்டர்கள் விட்டுப்போன பள்ளத்தை நிரப்பும் முயற்சிதான் அது. 1971இல் லெமன் வழக்கில் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. பெற்றோர் வழியாக உதவித்தொகை போகலாம் என்று கிளீவ்லாந்து வழக்கில் தீர்ப்பு வந்தது 2002இல். அதற்குள் பள்ளிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருந்தது.

கட்டடமும் வயதைக் காட்டத் தொடங்கியது. நீராவிக் குழாய்கள், ஒழுகும் கூரை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ். 1986இல் வந்த மத்தியச் சட்டம் எல்லாப் பள்ளிகளும், லாபநோக்கற்ற தனியார் பள்ளிகள் உட்பட, ஆஸ்பெஸ்டாசைச் சோதித்துப் பராமரிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. சிறு பங்குக்கு அது பெரிய சுமை. 2002க்குப் பிறகு வெளிவந்த பாலியல் குற்ற வழக்குகள் பல மறைமாவட்டங்களின் நிதியையும், அதைவிட முக்கியமாக மக்களின் நம்பிக்கையையும் உடைத்தன. பிள்ளைகளுக்கு இழைத்த அந்தக் கொடுமையைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது நேர்மையாகாது.

கறுப்பினப் பிள்ளைகளின் விஷயத்திலும் பங்குகளின் நடத்தை எல்லா இடத்திலும் பெருமைக்குரியதாக இல்லை. 1947இல் செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்தபோது, எதிர்த்து நீதிமன்றம் போகக் கிளம்பியவர்கள் கத்தோலிக்கப் பெற்றோர்தான். சபைவிலக்கு வரும் என்று அவர் எச்சரித்த பிறகே அடங்கினார்கள். ஆனால் வெள்ளையர்கள் புறநகருக்குப் போன பின்னும் நகர நடுவில் தாக்குப்பிடித்த பங்குப் பள்ளிகளில் நிறைந்தது கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும். அவர்களில் பலர் கத்தோலிக்கர்களே இல்லை. அயர்லாந்துக்காரரும் போலந்துக்காரரும் கட்டிய கட்டடம் அந்தக் குடும்பங்களுக்கு நல்ல பள்ளியாக இருந்தது. மூடும் அறிவிப்பு வந்தபோது அதிகம் இழந்தவர்களும் அவர்களே.

இன்று அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகள் 6,000க்கும் கீழே. பிள்ளைகள் 17 லட்சத்தை ஒட்டி. ஆசிரியர்களில் 100க்கு 97 பேர் பொதுநிலையினர். சிஸ்டர்கள் 40,000க்கும் குறைவு. பெரும்பாலானவர்கள் வயது முதிர்ந்தவர்கள்.

அந்த முதிர்ந்தவர்களுக்குப் போதுமான ஓய்வூதியம் இல்லை. வறுமை வாக்குறுதி கொடுத்த துறவிகள் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேரச் சட்டம் இடம்கொடுத்ததே 1972இல்தான். வாங்கிய தொகை சிறியது என்பதால் திரும்பி வருவதும் சிறியது. சேமிக்க என்று எதுவும் அவர்கள் கையில் இருந்ததில்லை. சபைகள் தங்கள் தாய்மடங்களையே விற்கும் நிலை வந்தது. 1988 முதல் அமெரிக்க ஆயர்கள் வயதான துறவிகளுக்காக ஆண்டுக்கு ஒருமுறை தனிக் காணிக்கை எடுக்கிறார்கள். டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் வழக்கமான தட்டு போன பிறகு, அதே வரிசைகளில் இன்னொரு தட்டு வரும். அதில் போடுகிறவர்களில் கணிசமானோர், எழுதப் படிக்கத் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டரின் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கும் வயதுக்காரர்கள்.